சொந்தக்காரர்களுக்கு ஒரு தடவை

எங்கள் அறையில் இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரே ஒரு மின்விசிறி. அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாலே அன்றைக்கு யாருக்கு யார்மேல் கோபம் என்று தெரிந்துவிடும். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை மையத்தின் பின்பக்கத்தில் பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த அறை அது. காலி செய்து எங்களுக்குக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் கழுவும் சத்தம், மூடினால் புழுக்கம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோருடைய பெயரும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பட்டியலாக எங்களிடம் வரும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அழைத்தால் பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், இதற்கு அழைத்தால் வீட்டிலேயே இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

எதிர்மேசை அக்காவுக்கு மையத்தில் எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘மூணு தடவை’. வாசல் காவலாளிகூட, “மூணு தடவை வந்தாச்சா?” என்றுதான் கேட்பார். ஒரு பெண் வரமாட்டேன் என்றால் ஒரு தடவையோடு எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம் என்பது விதி. அக்கா போகமாட்டார். அடுத்த வாரம் கூப்பிடுவார். அதற்கும் பிடிகொடுக்காவிட்டால் அதற்கடுத்த வாரமும் கூப்பிடுவார். இந்த வேலைக்கு வருமுன் பதினாறு வருடம் துணிக்கடையில் நின்றவர் அவர். “பாத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கும் பெண் திரும்பி வரவேமாட்டாள் என்பது அவருக்கு அங்கேயே பழகிப்போனது. அப்படிப் போகிறவளை வாசற்படியில் நிறுத்தி இன்னொரு புடவையை விரித்துக் காட்டுவதும் அங்கே பழகியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் வருடம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நல்லதுக்குத்தானே கூப்பிடுகிறோம், இவர்களுக்கு என்ன கேடு என்று ரிசீவரை அடித்து வைப்பேன். அக்கா என் பக்கம் மின்விசிறியைத் திருப்பிவிடுவார். மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண் ஒரு நாள் வராவிட்டால் மூன்று வீட்டிலும் ஏச்சு வாங்க வேண்டும். அவளிடம் போய் உடம்புதான் முக்கியம் என்று பாடம் நடத்தாதே, காலை ஏழு மணிக்கு இடம் இருக்கிறது என்று சொல் என்பார். ஒரு பெண்ணின் போனை எப்போதும் கணவர்தான் எடுப்பார். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று அவரே பரிசோதனை செய்து முடித்தவர் மாதிரி சொல்லி வைத்துவிடுவார். அக்கா அந்த மனிதரோடு நாலு நாள் சாதாரணமாகப் பேசி, ஐந்தாம் நாள் அவரே மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கும்படி செய்தார். படம் எடுப்பது ஆணா பெண்ணா என்று ஒருத்தி கிசுகிசுத்தால், பக்கத்து அறையில் மாமனார் இருக்கிறார் என்று புரிந்துகொண்டு, அவள் ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படியாகக் கேள்விகளை இவரே கேட்பார். ஓர் ஆசிரியை மட்டும் எங்களுக்குச் சவாலாக இருந்தார். இந்தப் பரிசோதனை எவ்வளவு அவசியம் என்று எங்களுக்கே பத்து நிமிடம் வகுப்பு எடுப்பார். வரமாட்டார்.

வலிக்குமா என்று கேட்டால் அக்கா பொய் சொல்லமாட்டார். “அழுத்தும்மா. கொஞ்சம் வலிக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டா முடிஞ்சிடும். நானே போயிட்டு வந்தவதான்” என்பார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே பாதிப் பேர் வந்தார்கள்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லி நான் சில வருடங்களாகக் கேட்டதில்லை. “ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்றது?” என்று எதிர்முனை கேட்டதும், “இருங்க, எங்க பொண்ணு ஒருத்தி நல்லா சொல்லும்” என்று என் பக்கம் ரிசீவரை நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். என்னைப் பழக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொரு வழக்கமும் எங்கள் அறையில் உண்டு. எழுதாத வழக்கம். நான் சேர்ந்த முதல் மாதமே பட்டியலில் என் அண்ணியின் பெயர் வந்தது. அண்ணன் மனைவி; குடும்பத்தில் அவர் குரல் உயர்ந்தால் கடிகாரம்கூட நின்று கேட்கும். துணிந்து கூப்பிட்டேன். “உன் ஆபீஸ் வேலையை வீட்டுக்குள்ள கொண்டு வராதே. ஆள் புடிக்கணும்னா வேற வீட்டைப் பாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூக்குடைபட்டு உட்கார்ந்திருந்த என்னிடம் அக்கா, சொந்தக்காரர்களுக்கு ஒரு தடவை போதும், அதற்குமேல் போனால் உறவு கெட்டுப்போகும், எழுதிவிட்டு விடு என்றார். ‘வரவில்லை’ என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அண்ணிக்கு ஒரு தடவை கூப்பிடுவேன், திட்டு வாங்குவேன், எழுதுவேன். மற்ற பெண்களுக்கு மூன்று, சொந்தத்துக்கு ஒன்று. எங்கள் இருவருக்குமே அது பழகிவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன் அக்காவின் தங்கை இந்த நோயில்தான் இறந்தாள். சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் செருப்புகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டும் இருந்தார். மூன்றாம் நாள் வேலைக்கு வந்து பட்டியலைப் பிரித்தார். கல்நெஞ்சு என்று காவலாளி சொன்னார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு திங்கள்கிழமை எல்லாம் தலைகீழானது. அக்கா பல் வலி என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்ததால் அவருடைய பட்டியல் பக்கங்களில் சில என் மேசைக்கு வந்திருந்தன. திரும்பி வந்ததும் முதல் வேலையாக, அதில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இல்லை, கொடு என்றார். நான் மெதுவாக வேலை செய்கிறேன் என்று குத்திக் காட்டுவதாக எனக்குப் பட்டது. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

நாலாவது பெயர். வயது ஐம்பத்து நாலு. பெயர் நான் கேள்விப்படாத, பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் மாதிரியான நீளமான பெயர். பக்கத்தில் முந்தைய இரண்டு சுற்றுகளின் குறிப்பும் இருந்தது: ‘எடுக்கவில்லை’, ‘எடுக்கவில்லை’. மூன்றாவது சுற்றிலும் அப்படியே ஆனால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடமாட்டார்கள். பாவம், யாரோ என்று நினைத்துக்கொண்டே எண்களை அழுத்தினேன்.

அக்காவின் சாப்பாட்டுப் பைக்குள் போன் அடித்தது.

வழக்கமாக அவர் போனை ஊமையாக்கித்தான் வைப்பார். அன்றைக்குக் குழாய் ரிப்பேர்காரர் கூப்பிடுவார் என்று சத்தத்தை வைத்திருந்தார். முதலில் நான் ஒன்றும் புரியாமல், உங்கள் போன் அடிக்கிறது என்று சொல்லப்போனேன். அவர் பையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு எட்டு வருடமாக என் போனில் அவர் ‘மூணு தடவை’ என்ற பெயரில்தான் இருக்கிறார். எண்ணை யார் மனப்பாடம் செய்தார்கள்? அடையாள அட்டையில் இருக்கும் பெயரை யார் கேட்டார்கள்?

பின்னால் அவரே சொன்னார். பட்டியலில் அவர் பொய் எழுதியதே இல்லையாம். ஒவ்வொரு சுற்றிலும் தன் பெயர் வரும்போது மேசைத் தொலைபேசியிலிருந்து தன் எண்ணைத் தானே அழுத்துவாராம். பைக்குள் போன் சத்தமில்லாமல் துடித்து ஓயும் வரை காத்திருந்துவிட்டு, ‘எடுக்கவில்லை’ என்று எழுதுவாராம். எடுக்கவில்லை என்பது உண்மைதானே. இப்படி ஒரு நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று அவர் எழுந்து போய்ப் பையிலிருந்து போனை எடுத்தார். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். தன் நாற்காலிக்கே திரும்பி வந்து உட்கார்ந்து, பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார். நாங்கள் ஆறடி தூரத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க” என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த வரிகள்தான் கைகொடுத்தன. “வணக்கம்மா. பரிசோதனை மையத்துலேருந்து பேசறேன். பேச நேரம் இருக்குங்களா?”

நேரமில்லை, வேலையில் இருக்கிறேன் என்றார். காலை ஏழு மணிக்கு இடம் இருக்கிறது என்றேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். குறை தெரிவதற்கு முன்னால் பார்ப்பதற்குத்தான் இது என்றேன். அடுத்த சுற்றில் வருகிறேன் என்றார். போன சுற்றில் நீங்கள் போனை எடுக்கவே இல்லையே என்றேன். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றார். அந்த அப்பாவி மனிதர் அக்காவைக் கேட்காமல் முடிகூட வெட்டிக்கொள்ளமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் போனைக் கொடுங்கள் என்றேன். அக்காவின் உதடு லேசாகச் சிரித்தது. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த காரணங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தன. ஆம்புலன்ஸ் கழுவும் தண்ணீர்ச் சத்தம் இரண்டு காதிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் போன் வழியாகவும்.

“ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா?” என்றார்.

அதற்கு நான் நன்றாகப் பதில் சொல்வேன் என்பது அவருக்கே தெரியும். “சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சா சரி பண்ணிடலாம்மா” என்றேன்.

“அதைத்தான் என்னால கேக்க முடியாது” என்றார். “என் தங்கச்சிக்கு ஒரு சுற்றுல ஒரு தடவை போட்டேன். அடுத்த தடவை பாக்கலாம்னா. மறுசுற்றுலயும் ஒரே தடவை. யார் யாருக்கோ மூணு தடவை போட்டவ, கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணோட விட்டேன். மூஞ்சியைத் தூக்கிக்குவா, பேசாம இருப்பான்னு விட்டேன். அப்புறம் அவளே கட்டி கையில தட்டுப்பட்டு வந்தா. எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னா, அவளுக்கு மட்டும் ஏன்னு தோணும். எனக்கு இருக்கு, சின்னதுதான், சரியாயிடும்னு சொன்னா, அப்போ அவளும் பொழைச்சிருப்பா. அதை எப்படி நான் உக்காந்து கேக்கறது, சொல்லு.”

நான் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதேன். கூப்பிட்டவர்கள் முதலில் வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அவரும் வைக்கவில்லை. கடைசியில் நான், “அக்கா, உங்களுக்கு இது முதல் தடவை. இன்னும் ரெண்டு தடவை போடுவேன்” என்றேன்.

அடுத்த திங்கள் போட்டேன். மேசைக்கு மேசை. எடுத்தார், முடியாது என்றார், வைத்தார். அந்த வாரம் முழுக்க மின்விசிறி சுவரைப் பார்த்து ஓடியது. மூன்றாவது திங்கள் போட்டபோது, நான் வணக்கம் சொல்லி முடிக்குமுன், “வியாழக்கிழமை ஏழு மணி. கூட வந்து நிக்காதே” என்றார்.

போய் நின்றேன். எங்கள் அறைக்கும் படம் எடுக்கும் அறைக்கும் நடுவே ஒரு நடைபாதை, மிஞ்சிப்போனால் நாற்பது அடி. இரண்டு பேருந்து மாறி வருகிற பெண்களைத் தினம் அவர் வரவழைத்திருக்கிறார். அந்த நாற்பது அடியைக் கடக்க அவருக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. இனிமேல், வரமாட்டேன் என்கிற எந்தப் பெண்ணையும் நான் மனதுக்குள்கூடத் திட்டமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்து முறைத்தார். பிறகு, முன்னைவிட இப்போது மெஷின் பரவாயில்லை, பெண்களிடம் அதைச் சொல்லலாம் என்றார். கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: படத்தில் சந்தேகம் உள்ளவர்களை மறுபடி வரச்சொல்லிப் பட்டியல் வந்து அதில் அவர் பெயர் இருந்தால், முகத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்து நிற்கக் கூடாது. எல்லோருக்கும் செய்கிற மாதிரி போனில் சொல்ல வேண்டும்.

பெயர் இருந்தது. நாலாவது போன் போட்டேன். மறுபடி வரச்சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்வோம். அவரிடமும் அதையே சொன்னேன். “தெரியும். நான் எழுதிக் குடுத்த வரிதானே அது” என்றார். தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த பிறகு, முடிவு கேட்க நான்தான் உடன் போனேன். டாக்டர் இளம்பெண். அக்கா யார் என்று அவருக்குத் தெரியாது. படத்தைத் திருப்பிக் காட்டி, “இருக்கும்மா. ஆனா ரொம்பச் சின்னது. நல்லவேளை, நேரத்துல வந்துட்டீங்க. சரியாயிடும்” என்றார். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அக்கா எழுந்து நன்றி சொல்லி வெளியே வந்து, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்.

அழ ஆரம்பித்தார். தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். சாவு வீட்டில் அழ வேண்டிய அழுகை, ஐந்து வருடம் கழித்து, தான் பிழைத்துவிடுவோம் என்று தெரிந்த இடத்தில் வந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவருக்குக் கெட்ட செய்தி என்று நினைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் பயத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்கா அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “உக்காரும்மா. எனக்கு நல்ல சேதிதான் சொன்னாங்க” என்றார்.

அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை என்று நாலு மாதம் ஓடியது. நான் தனியாக இரண்டு மேசையையும் பார்த்தேன். மின்விசிறி முழுக்க எனக்கே கிடைத்தது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. திரும்பி வந்த அன்று அக்கா இளைத்திருந்தார், ஒரு கையைக் கொஞ்சம் பார்த்துப் பார்த்து அசைத்தார். சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு நேராக என் பக்கம் வந்து பட்டியலை வாங்கி விரல் வைத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“உன் அண்ணிக்கு எத்தனை தடவை போட்டே?”

ஒன்று என்றேன். எல்லாச் சுற்றிலும் ஒன்றுதானே, நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவரே சொன்னார்.

“தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன். போடு.”

வேலை நேரத்தில் அண்ணி கத்துவார், அண்ணன் வரை போகும், அடுத்த விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடக்கூட மாட்டார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவை எங்கேயோ கேட்டவை மாதிரியே இருந்தன. அக்கா என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றார். தண்ணீர் குடிக்கவும் போகவில்லை.

எண்களை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தார். என் குரலைக் கேட்டதும், என்ன இந்நேரத்தில், ஆபீஸ் வேலையாகக் கூப்பிடவில்லையே என்று கேட்டார்.

“ஆபீஸ் வேலையாத்தான் கூப்பிடறேன் அண்ணி” என்றேன். “திட்டுறதுன்னா திட்டிடுங்க. ஆனா வெச்சீங்கன்னா அடுத்த வாரமும் கூப்பிடுவேன்.”